பார்சல் ஆபீஸ் தராசில்

கையெழுத்து வாங்கிக்கொண்டு
டப்பாவை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான் கூரியர் பையன்.
"உள்ள என்னுங்கக்கா, கடியாரமுங்களா?"
"வெங்கலஞ் சாமி."
சொம்பு என்று நினைத்திருப்பான்.

தாஷ்கண்டிலிருந்து ஈரோடு ஜங்ஷனுக்கு வர
ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.
ஒரு கடிதம், இரண்டு முத்திரை.
என் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம்: கோகில்வாணி.
அன்றைக்கு மைக்கில் கூப்பிட்டதற்கு இது தேவலை.

அங்கே நான் நான்காவது.
ஒரு கிலோவில் நான்காவது.

முந்தின ராத்திரி முந்நூறு கிராம் கூட இருந்தேன்.
ஐம்பத்தொன்பதுக்குள் இறங்க வேண்டும்.
நீராவி அறையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு
காகித டம்ளரில் துப்பிக்கொண்டே இருந்தேன்.
எதிர்ப் பலகையில் குல்னாராவும் துப்பினாள்.
அவள் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவளுக்கு.
எச்சில் ஊறட்டும் என்று
ஒரு புளிப்பு மிட்டாய் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.
காலையில் சடையைக் கத்தரித்தார்கள்.
மூக்குத்தியையும் கழற்றினேன்.
கடுகத்தனை கனம். இருந்தாலும்.

கடைசி முறைக்கு நூற்று இருபத்தொன்று கேட்டேன்.
நெஞ்சுக்கு வந்தது. எழுந்தேன்.
தலைக்கு மேல் போனபோது வலது முழங்கை
மல்லிக் காம்பளவு மடங்கி நிமிர்ந்தது.
அத்தனை கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை.
பார்ப்பதற்கென்றே உட்கார்ந்திருந்த மூவரில்
இருவர் பார்த்துவிட்டார்கள்.
இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை.
அந்த ஒற்றை வெள்ளையை நினைத்துக்கொண்டுதான்
பல ராத்திரி தூங்கப் போனேன்.

மஞ்சள் மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய பெண் என்று
பேப்பரில் எழுதினார்கள். பொய்.
மண்டியில் மஞ்சள் பொறுக்கிய அம்மா
ஒரு மூட்டையைக்கூட என்னைத் தொட விட்டதில்லை.
நான் தூக்கிப் பழகியது வீரப்பன்சத்திரத்தில்,
சீல் வைத்துப் பிறகு திறந்த ஒரு சாயப்பட்டறையில்.
தண்டவாளத்துப் பழைய கட்டைகளை அடுக்கி
மேலே ரப்பர் விரித்த மேடை.
வேர்வை விழுந்த இடமெல்லாம்
தரை நீலமாய்க் கசிந்தது.
பாதத்தில் அந்த நீலத்தோடுதான்
காத்மாண்டில் தங்கம், கொழும்பில் தங்கம்.
அப்போதெல்லாம் பன்னீர்செல்வம் பார்க்கிலிருந்து
திறந்த ஜீப், முன்னால் ஜமாப்,
எனக்குச் சால்வை போர்த்த நெரித்தவர்களில்
நான் வேலை கேட்டுப் போனபோது இல்லை என்றவர்களும் இருந்தார்கள்.

மணிக்கட்டில் கம்பி வைத்தபின்
ரயில்வே இந்த நாற்காலியைக் கொடுத்தது.
பகல் முழுக்க எடை பார்க்கிறேன்.
தூக்குகிறவர்கள் வேறு ஆட்கள்.

கடிதத்தை மறுபடி படித்தேன்.
ஆறு வருஷம் குளிர்பெட்டியில் கிடந்த
ஒரு சீசா மூத்திரம்
என்னை மூன்றாவதாக்கியிருக்கிறது.

ஆளில்லாத நேரம்
தராசில் வைத்துப் பார்த்தேன்.
சைபர் புள்ளி நாலு என்று காட்டி
அதுவும் நிலைக்காமல் துடித்தது.

நாடா ஊதா நிறம். புதிது இல்லை.
ஓரம் நைந்து, யார் வீட்டு அலமாரியிலோ
துணிகளோடு கிடந்த வாசம்.
நடுவில் ஒரு முடிச்சு.
பெரியவள் கழுத்துக்கு அது தேவையில்லை.
தொங்கித் தொங்கி வயிற்றில் இடிக்கிறதென்று
ஒரு சின்னக் கழுத்து அழுதிருக்க வேண்டும்.
திருப்பி அனுப்பச் சொன்ன நாளில்
அதன் கழுத்திலிருந்து எப்படிக் கழற்றினாளோ.
என்ன சொல்லிக் கழற்றினாளோ.

அவள்மேல் கோபம் உண்டு எனக்கு.
அந்த ஒரு கிலோவை
ஆறு வருஷம் நான் இறக்கி வைக்கவில்லை.
மிட்டாயின் புளிப்பும்
இன்னும் நாக்கோரம் இருக்கிறது, என்ன செய்ய.

நகத்தால் நெம்பிப் பார்த்தேன். இறுகிப் போயிருந்தது.
"அக்கா, கத்திரி எடுத்தாரட்டுங்களா?" என்றான்
பண்டல் தள்ளி வந்த செந்தூரப்பன்.
"வேண்டாம், கெடக்குது உடு.
அதைய மேல ஏத்து."

பவானி ஜமக்காளம்,
நாற்பத்து மூன்று கிலோ இருநூறு,
விஜயவாடா.
எழுதிக்கொண்டேன்.