கால் கரண்டி மிச்சம்

காலையில் முதல் வேலை
கருவிக்குச் சுழியம் காட்டுவது.
காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு சொட்டு
கண்ணாடிப் பட்டகத்தின் மேல்.
வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி
ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன்.
நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு
பூஜ்யத்தில் நின்றால்தான்
அன்றைக்கு வரும் மாம்பழங்களின் இனிப்பை
நான் நம்பலாம்.

பெங்களூரா பதினான்கு.
அல்போன்சா பதினேழரை.
மழையில் நனைந்த ஒரு லோடு
பன்னிரண்டைத் தாண்டவில்லை என்று
போச்சம்பள்ளிக்காரர் சண்டைக்கு வந்தார்.
கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில்
ஒன்பது சீசனாக இதுதான் பிழைப்பு:
அடுத்தவர் இனிப்புக்கு எண் எழுதுவது.

என் எண்ணை எழுதியவள்
காவேரிப்பட்டணம் ரத்தப் பரிசோதனைக் கடையில்
கொட்டாவி விட்டபடி இருந்த ஒரு சின்னப் பெண்.
எனக்கும் மாதேஷுக்கும் ஒரே கவரில்.
“இன்னும் வரலைக்கா, வாசல்ல நிக்குது” என்றாள்,
விருந்தாளியைச் சொல்வதுபோல.

ஒரேயடியாக விட்டுப் பார்த்தோம், ஒரு திங்கட்கிழமை.
புதன்கிழமை சாயங்காலம்
டிராக்டரை ஓரங்கட்டிவிட்டு
கால் கிலோ மைசூர்பாகை
மாதேஷ் நின்றபடியே தின்றதாக
அவன் தம்பி சொல்லித் தெரியும்.
நான் மட்டும் யோக்கியமா?
டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததை
விரலால் வழித்திருந்தேன்,
அதே புதன்கிழமை, மதியமே.

அப்புறம்தான் கரண்டி பக்கம் போனேன்.
டம்ளருக்கு இரண்டு போடும் வீடு.
கோபுரமாக அள்ளுவதைத்
தலைதட்டி அள்ளினேன், அவ்வளவுதான்.
யாரிடமும் சொல்லவில்லை.
ஆடியில் ஒன்றே முக்கால்.
ஐப்பசியில் ஒன்றரை.
மாதேஷ் டம்ளரின் அடியை
ஒருமுறை உற்றுப் பார்த்தான்,
கிணற்றில் தண்ணீர் இறங்கியதைப் பார்ப்பவன் மாதிரி.
பிறகு மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டான்.

நாத்தனார் கௌரம்மா வந்த அன்று
கை மறந்து
எங்கள் கணக்கிலேயே கொடுத்துவிட்டேன்.
ஒரு வாய் குடித்தாள், கீழே வைத்தாள்.
“சர்க்கரை விலை ஏறிடுச்சா அண்ணி?”
ஓடிப்போய் மூன்று கரண்டி போட்டுக் கலக்கினேன்.
டம்ளரில் கரண்டி இடிக்கும் சத்தத்தில்தான்
மரியாதை இருக்கிறது எங்கள் பக்கத்தில்.

பொங்கலுக்கு வெல்லம் குறைக்கக் கை வரவில்லை.
உகாதிக்கு ஒப்பட்டு நான்கு,
நெய் தொட்டு.
யாரும் பார்க்காதபோது ஐந்தாவது.
மறுநாள் கரண்டி
மூன்று மாதம் பின்னால் போயிற்று.
போகட்டும்.
தொப்பூர் மேட்டில் லோடு லாரி
கியரைக் குறைத்துத்தான் ஏறுகிறது.

கரும்பு முதலில் வந்ததே
இந்தத் தகடூர் மண்ணுக்குத்தான் என்பார்கள்.
கொண்டுவந்தவர்கள்
அளவையும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

இரண்டாவது ஆடி.
ஆலை வாசலில் திம்மராஜ் கடையில் நின்று
இருவரும் டீ குடித்தோம்.
மாதேஷ் முகத்தைச் சுளித்தான்.
“பாயசமா கேட்டேன்?”
“இருபது வருசமா இதே கை, இதே கரண்டி” என்றார் திம்மராஜ்,
ரோஷத்தோடு.
மாதேஷ் என் பக்கம் திரும்பினான்.
“இப்ப எத்தனையில இருக்குற?”
“அரையில.”
எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.
“தலைதட்டுன அன்னிக்கே.”
மீதி டீயைச் சாலையோரத்தில் ஊற்றிவிட்டு
காசை எண்ணிக் கொடுத்தான்.

சில நாட்களாக ஒன்று கவனிக்கிறேன்.
பாலுக்கென்று ஒரு இனிப்பு இருக்கிறது,
மெலிதாக, கேட்காமலே.
கேழ்வரகுக் களியை
உடனே விழுங்காமல் ஒரு நொடி
நாக்கில் நிறுத்தினால் அதற்கும்.
நாற்பத்து மூன்று வருடம்
எல்லாப் பழத்துக்கும் எண் சொன்ன ஊரில்
என் நாக்குக்கு யாரும்
தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்த்ததில்லை.

இன்னும் கால் கரண்டி மிச்சம்.
அதை எப்போது விடுவேன் என்று தெரியாது.
விடுவேனா என்றும்.
தினமும் அதை டம்ளரில் போடும் முன்
ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்க்கிறேன்.
ஒற்றைக் கண்ணால்,
பழக்கதோஷத்தில்.