மூன்றாம் கட்டை நிலவரம்

"வரலாமோ?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.
"எப்பிடி இருக்கிறீங்கள்" என்று
இப்போது ஒருவரும் கேட்பதில்லை.
என்னிடம் நாலு அறை, எட்டுக் கட்டில்,
தண்ணீர்த்தாங்கியில் ஏறினால் மட்டும் தெரிகிற கடல்.
விளம்பரத்தில் தாங்கியை எழுதவில்லை.

இன்று எடுத்தவர் வெள்ளவத்தையிலிருந்து தர்மபூஷணம்.
தாயின் சாம்பல் முட்டி
உடுப்பு அலுமாரிக்குள் இருக்கிறதாம்.
சேட்டு எடுக்கும்போதெல்லாம் கை படுகிறதாம்.
அந்தியேட்டிக்கு முன் பாவநாசத்தில் கரைக்க வேண்டும்.
"செய்தியில ஒரு மாதிரிச் சொல்லுறாங்கள்.
நீங்கள் அங்கயே இருக்கிறீங்கள். நீங்கள் சொல்லுங்கோ."

அங்கேயே இருக்கிறேன், அதுதான் சிக்கல்.
அடுப்படியில் நிற்பவளிடம்
வீடு எவ்வளவு சூடு என்று கேட்டால்
என்ன சொல்வாள்?

செவ்வாய் இரவு நாலாம் கட்டையில் டயர் எரிந்தது.
புதன் காலை அந்தக் கரிக்கு மேலால்
பாண் ஓட்டோ அதே பாட்டோடு போனது.
பஸ் நிலையத்தடியில் மான்கள்
வாழைப்பழத் தோலுக்கு வழமைபோல நின்றன.
மான் நிற்கிறது, ஊர் அமைதி என்று சொல்லிவிடலாம்.
ஆனால் ஷெல் விழுந்த காலத்திலும்
அவை அங்கேதான் நின்றன.

ஜவாஹிரைக் கேட்டேன். கிண்ணியாக்காரன், ஓட்டோ ஓடுகிறான்.
"பகல்ல ஒரு பிரச்சினையும் இல்ல அக்கா."
"பிறகேன் ஆறு மணிக்குப் பிறகு போன் எடுக்கிறாயில்லை?"
சிரித்தான்.
இருட்டுவதற்குள் பாலத்தைத் தாண்டி
வீட்டுக்குப் போய்விடுகிறானாம்.
அந்தச் சிரிப்பை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பாறை மீன் பாதி விலைக்கு இறங்கியிருக்கிறது.
கடல் அள்ளிக் கொடுத்ததா,
வாங்க ஆளில்லையா?
மீன் விற்றவளின் முகத்தைப் பார்த்தேன்.
விலையைப் பற்றி மேலே கேட்கவில்லை.

இருபதாம் திகதி வங்கித் தவணை.
இரண்டு குளிரூட்டி, எட்டு மெத்தை,
எல்லாம் கடனில் குளிர்ந்து கிடக்கின்றன.
"பயப்பிடாமல் வாங்கோ" என்று நான் சொன்னால்
அதில் ஊர் எவ்வளவு, தவணை எவ்வளவு
என்று எனக்கே பிரிக்கத் தெரியாது.

இருந்தாலும் சொல்ல வாயெடுத்தேன்.
அந்த நேரம் பார்த்து மகள்
சைக்கிளை முற்றத்தில் உருட்டிக்கொண்டு வந்தாள்.
"உவர்மலைக்கு ரியூசனுக்குப் போகட்டோ?"
"இண்டைக்கு வேண்டாம்."

போன் கையில்தான் இருந்தது.
மறுபக்கத்தில் அவர் இருந்தார்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
பிறகு, "பிள்ளைக்கு எத்தினை வயசு?"
"பதினாறு. கணக்கு வராது."
"அம்மாவுக்கும் வராது," என்றார்.
"கடைசிக் கிழமை முழுக்க
மிச்சக் காசைத்தான் எண்ணிக்கொண்டிருந்தவ."

அதன் பிறகு பொய் சொல்ல வரவில்லை.
உண்மையும் முழுசாக வரவில்லை.
இரவு மெயிலில் ஏற வேண்டாம் என்றேன்.
விடிய வெளிக்கிட்டு, ஹபரணையில் ஒருக்கால்,
கந்தளாயில் ஒருக்கால் எனக்கு எடுங்கோ.
கந்தளாயில் நான் போன் தூக்கவில்லை என்றால்
அங்கேயே தயிர் வாங்கிக்கொண்டு திரும்புங்கோ.
முற்பணம் வேண்டாம்.
கோட்டை வாசலில் பையைத் திறக்கச் சொல்லுவாங்கள்.
முட்டியின் வாயை இறுக்கிக் கட்டாதேங்கோ.
ஒரு முடிச்சு, இழுத்தால் அவிழுகிற மாதிரி.
திறந்து பார்த்தால் பார்க்கட்டும்,
ஊத விடாதேங்கோ.

"ஊத விடமாட்டன்," என்றார்.
வருகிறேன் என்று சொல்லவில்லை.
வரவில்லை என்றும் சொல்லவில்லை.

மூன்றாம் அறையின் விரிப்பை மாற்றினேன்.
வெளியே மகள்
சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு
மணியை மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள்,
நெடுநேரம்,
முன்னால் போகிற யாரையோ
விலகச் சொல்வதுபோல.