எத்தனை செகண்டுல

பதினோரு வருடம்
செல்களோடு இருந்தவள் நான்.
அவற்றுக்கு எண் உண்டு, மடி கிடையாது.

கோத்தகிரியில் மழை.
டாக்டர் ஜோகி தன் நாற்காலியைத் தள்ளித் தந்தார்:
"இன்னிக்கு நீங்க கேளுங்க."
கேட்கத் தெரியவில்லை எனக்கு.

செவனம்மாவின் வலது கை
மடிமீது, இல்லாத மாத்திரையை
உருட்டிக்கொண்டிருந்தது.
"கொழுந்து கிள்ளையில இருக்காது.
கையைச் சும்மா வச்சாத்தான் இந்த ஆட்டம்."

இருபது வருடமாகக் கேட்ட வரி; ஜோகி எழுதவில்லை.
நான் எழுதினேன்.
"சும்மா வச்சு எத்தனை செகண்டுல?"
அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

பிறகு வெளியே போய், நனைந்து,
ஒரு தேயிலைக் கிளையை ஒடித்து வந்தார்.
கைக்கடிகாரம் மேஜைமேல்.
அம்மா கிள்ளினார். நிறுத்தினார்.
மூன்று பேரும் மூச்சு விடவில்லை.
ஏழு. எட்டு. ஒன்பது.

சேலை மடிப்பு
முதலில் அசைந்தது.