கடைசிப் பதினொரு பக்கங்கள்

சிங்கி இறால் கூடுகளுக்குக்
கயிறு மாற்றி முடித்தாயிற்று.
நவம்பர் கடைசித் திங்கள்வரை
கூடு இறக்க அனுமதியில்லை.
லூனன்பர்க்கில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது.
இனி புத்தகத்தை எடுக்கலாம்.

குளிர்பெட்டியின் மேல்
மின்கட்டண ரசீதுகளோடு கிடக்கும் அது.
இருபத்துமூன்று வருடங்களுக்கு முன்
கால் முறிந்து நான் படுத்திருந்தபோது
தேவாலயச் சந்தையில்
இருபத்தைந்து காசுக்கு ஐடெல்லா வாங்கியது.
அட்டையில் ஒரு வீடு,
ஒரே ஒரு ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம்.
"உன் புலம்பலுக்கு இந்தப் பேயே தேவலை" என்று
போர்வைமேல் எறிந்தாள்.

கதை சின்னது.
நிலவறைக்குக் கீழே இன்னொரு நிலவறை.
அங்கிருந்து யாரோ தட்டுகிறார்கள்.
மூன்று தட்டு.
கொஞ்சம் பொறுத்து,
ஒன்று.

எங்கே பயப்படுவேன் என்பது எனக்கு அத்துப்படி.
நாற்பதாம் பக்கத்தில் நாய் சோற்றைத் தொடாது.
நூற்றுப்பன்னிரண்டில்
மாவு டப்பாவுக்குள் ஒரு பல்.
தெரிந்தும் ஒவ்வொரு வருடமும்
மூடிமேல் அவள் கை வைக்கும்போது
என் கையும் ஈரமாகிறது.
அதற்காகத்தான் படிக்கிறேன் போலிருக்கிறது.
கடலில் வரும் பயத்துக்குப்
பக்க எண் கிடையாது.

எட்டாம் வருடம் பசை விட்டுக்
கடைசிப் பதினொரு பக்கங்கள் காணாமல் போயின.
அடுப்பு மூட்ட எடுத்திருப்பாள் என்கிறேன்.
அவள் சத்தியம் பண்ணுகிறாள்.
அதிலிருந்து முடிவை நானே
வாயால் சொல்லிவிடுவது வழக்கம்.
அவள் கூட்டின் வாய்வலையைப் பின்னிக்கொண்டிருப்பாள்.
முடிச்சுக்கு முடிச்சு "அப்புறம்?" என்பாள்.
அப்புறம், அந்தப் பெண் கதவைத் திறக்கிறாள்.
கீழே அவளுடைய அதே சமையலறை.
அதே கெட்டில் கொதிக்கிறது.
மேசையில் ஒரு கோப்பை.
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு
அவளே உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த அக்டோபரில்
பிரிட்ஜ்வாட்டர் பழைய சாமான் கடையில்,
ரப்பர் பூட்ஸ் அடுக்குக்குப் பக்கத்தில்,
அதே அட்டை, அதே மஞ்சள் ஜன்னல்.
கிழியாத பிரதி.
நின்றபடியே பதினொரு பக்கங்களும் படித்தேன்.

யாரும் கதவைத் திறக்கவில்லை.
பலகை வைத்து ஆணி அடிக்கிறார்கள்.
வீட்டை விற்றுவிட்டுத்
தங்கையோடு இருக்கப் போகிறாள் அவள்.
கடைசி வரியில் ஒரு பேருந்து
பத்து நிமிடம் தாமதமாக வருகிறது.
கெட்டில் இல்லை.
உருளைக்கிழங்கு எந்தப் பக்கத்திலும் இல்லை.

கடைக்காரர் டெல்பர்ட் "வேணுமா?" என்றார்.
வேண்டாம் என்று
சமையல் புத்தகங்களுக்குப் பின்னால்
முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் செருகினேன்.
பிறகு எதற்கென்றே தெரியாமல்
ஒரு பூட்ஸ் வாங்கினேன்.
அளவு சின்னது.

நேற்றிரவு கடைசிக்கு வந்துவிட்டோம்.
வடகிழக்குக் காற்று.
விளக்கு இரண்டு முறை மங்கித் தெளிந்தது.
"அப்புறம்?" என்றாள் ஐடெல்லா.

ஆணியைப் பற்றிச் சொல்லத்தான் வாய் திறந்தேன்.
கதவு திறந்துகொண்டது.
அதே சமையலறை, அதே கெட்டில்.
மேசையில் இரண்டு கோப்பைகள்.

"போன வருஷம் ஒன்றுதானே?" என்றாள்,
முடிச்சிலிருந்து கண்ணெடுக்காமல்.