முப்பத்து மூன்று

காலை ஆறு நாற்பது. வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில்
மஞ்சள் லாடம் ஒன்று, அதன் நடுவே ஆச்சரியக்குறி.
முன் இடது டயர் இருபத்தெட்டாம்.

கையுறையைக் கழற்றி வால்வு மூடியைத் திருகினேன்.
குளிர் விரலைக் கவ்வியது.
பேனா மாதிரி ஒரு கேஜ், ஏழு டாலர்.
உஸ்ஸென்று வெள்ளைக் குச்சி வெளியே வந்து நின்றது:
முப்பத்தொன்று.
நம்பாமல் மறுபடி வைத்தேன்.
முப்பது.
ஒவ்வொரு தடவை கேட்கும்போதும்
கொஞ்சம் மூச்சை விட்டுத்தான் டயர் பதில் சொல்கிறது.
கேட்டதால் குறைந்ததா, குறைந்ததைத்தான் கேட்டேனா,
இந்தக் குளிரில் நின்று யோசிக்கிற விஷயமில்லை.

பெம்பினா சாலை பெட்ரோல் பங்கில்
காற்றுக் குழாய் விறைத்துக் கிடந்தது.
இரண்டு டாலரை விழுங்கிவிட்டு,
நான் ஒரு சொட்டுக் காற்றும் அடிக்கும் முன்பே
முப்பத்து நான்கு என்றது.
மூன்று வாய், மூன்று கணக்கு.
எதையும் அளந்தே அறியாத
கதவோரத்து ஸ்டிக்கர் ஒன்றுதான்
தடுமாறாமல் நிற்கிறது: முப்பத்து மூன்று.
குத்துமதிப்பாக அரை நிமிடம் அடித்துவிட்டுக் கிளம்பினேன்.
பஞ்சாயத்துக்கு நேரமில்லை.
ஏழேகாலுக்கு ஹலினா கோவால்ச்சுக் வீட்டில் இருக்க வேண்டும்.

அவள் ஏற்கெனவே கையில் மெஷினைக் கட்டிக்கொண்டு
கதவைத் திறந்தாள்.
நூற்று அறுபத்திரண்டு, என்றாள் பெருமையாக.
என் பட்டையைச் சுற்றி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி,
பாதரசமில்லாத முள் இறங்க இறங்கக் கேட்டேன்.
நூற்று நாற்பத்து நான்கு.
"உன்னுடையது பழசு.
இது என் மகன் வாங்கித் தந்தது."

ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள்.
மாடி ஏறி இறங்கியவுடன் பார்த்தால்
யாருக்கும் கூடத்தான் இருக்கும்.
பேசாமல் இருப்பது அவளுக்கு மாத்திரையைவிடக் கசப்பு.
அந்த ஐந்து நிமிடத்தில் தெருவில் யார் யார் போய்ச் சேர்ந்தார்கள்,
யார் வீட்டை விற்றார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுபடி பார்த்தோம்.
அவளுடையது நூற்று ஐம்பத்தொன்று. என்னுடையது நூற்று நாற்பத்தெட்டு.
நூற்று நாற்பத்தெட்டு, இடது கை, ஏழு ஐம்பது என்று எழுதினேன்.
எந்தக் கருவி என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மத்தியானம், நாலாவது வீட்டுக்குப் போகிற வழியில்,
பாலத்தின் மேல், மஞ்சள் லாடம் எப்போதோ அணைந்திருப்பதைப் பார்த்தேன்.
முன் இடது: முப்பத்து மூன்று.
சிரிப்பு வந்தது.
ஓடிவந்த டயரின் பேச்சை நம்பக் கூடாது,
மூன்று மணி நேரம் நிறுத்திவைத்துத்தான் கேட்க வேண்டும்.
எனக்குத் தெரியும்.
இருந்தாலும் அந்த எண்ணை
இன்னும் இரண்டு சிக்னல் வரைக்கும் பார்த்துக்கொண்டே போனேன்.

வண்டியை நிறுத்திப் பேனாவுக்காகப் பைக்குள் கைவிட்டபோது
சின்னதாய், கறுப்பாய், சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது.
வால்வு மூடி.