தொடர்புப் பட்டியல்

பதினையாயிரம் கேட்டேன்.
கையில் வந்தது பதினோராயிரத்து நானூறு.
மிச்சம் எங்கே என்று அந்தச் செயலி சொல்லவில்லை.
உன் போனில் யார் யார் இருக்கிறார்கள், பார்க்கலாமா
என்று மட்டும் கேட்டது.
மகனுக்குக் காய்ச்சல் நூற்றிமூன்று.
சரி என்று அழுத்தினேன்.

ஏழாம் நாள்
புறக்கோட்டைக் கடையில் பொத்தான் எண்ணிக்கொண்டிருந்தபோது
என் அடையாள அட்டைப் படம்
இருநூற்றிப் பதினான்கு பேருக்குப் போயிருந்தது.
நெற்றிக்கு மேல் சிவப்பில், கள்ளி.

முதலாளிக்கு. வேன்காரருக்கு. டியூஷன் மிஸ்ஸுக்கு.
எட்டு வருடம் பேசாத மட்டக்களப்பு மச்சாளுக்கு.
செத்துப்போன அப்பாவின் நம்பருக்கும்.
அழிக்க மனம் வராமல் வைத்திருந்தேன்.
அது இப்போது எவர் கையிலோ.
அவருக்கும் நான் கள்ளி.

அழைப்பவன் திங்கள் ரொஷான், செவ்வாய் குமார் சேர்.
குரல் ஒன்றுதான்.
பின்னால் அதே மின்விசிறி கிறீச்சிடும்.
"பிள்ளையின்ட ஸ்கூல் தெரியும்" என்றான்.
அன்று கொட்டாஞ்சேனையில் இறங்க மறந்து
முகத்துவாரம் வரை பஸ்ஸில் போய்விட்டேன்.

புதுக்கடையில், போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடியில்,
சட்டத்தரணி நிலூஃபா கேட்டார்:
"எவ்வளவு குடுக்க இருக்கு?"
சொன்னேன்.
"அது கடன். அதக் கட்டுங்க.
மத்ததெல்லாம் அவங்க செஞ்ச குற்றம்.
அதுக்கு அவங்க பதில் சொல்லட்டும்."
ஒரே தாளில் நடுவே கோடு கிழித்து
இரண்டையும் பிரித்து எழுதினார்.
எனக்கு அந்தக் கோடு தெரியாமல்தான்
இத்தனை நாள் தூக்கம் போயிருந்தது.

ஆதாரம் வேண்டும் என்றார்.
யார் யாருக்கு வந்ததோ அவர்களிடமே போய்
என் மானக்கேட்டைத் திருப்பிக் கேட்டு
வாங்கி வரவேண்டும்.

மச்சாள் ஒரு சொல்லும் இல்லாமல்
ஆறு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினாள்.
முதலாளி "அழிச்சிட்டன்" என்றார், கல்குலேட்டரைப் பார்த்தபடி.
மீன்கார பெனடிக்
தனக்கு வந்ததையும் காட்டினான்,
தான் திருப்பி எழுதியதையும்:
"எனக்கும் அறுநூற்றி நாப்பது தரவேணும் அவ.
நான் இப்பிடிக் கேட்டதில்ல."

அது இப்போது கோப்பில் இருக்கிறது. இணைப்பு ஒன்பது.
தவணை நவம்பருக்குப் போயிருக்கிறது.
போன் அதிர்ந்தால் இன்னும் வயிறு இறுகுகிறது.

வெள்ளிக்கிழமை அரைக் கிலோ சூரை வாங்கினேன்.
பழைய அறுநூற்றி நாற்பதையும் கொடுத்தேன்.
பெனடிக் எண்ணாமல் சட்டைப்பையில் போடப்போனான்.
"எண்ணு" என்றேன்.
சிரித்தான்.
ஈரக் கையால், ஒவ்வொன்றாக,
எண்ணினான்.