பாதிப் பஞ்சு

"உன் தொட்டியிலிருந்து கொஞ்சம் அழுக்கு கிடைக்குமா?"
எட்டு மாதத்தில் நீ எனக்கு அனுப்பிய
நீளமான செய்தி இதுதான், ரடோவான்.
மற்றதெல்லாம் "ஐந்து மணிக்கு", "சரி",
"சாவி கீழே இருக்கிறது".

அறுபது லிட்டர். புதுக் கண்ணாடி.
கழுவிக் கழுவி வெளுத்த மணல்.
தண்ணீர் பளிங்கு மாதிரி என்று படம் வேறு.
பளிங்குதான்.
பளிங்கில் மீன் பிழைக்காது.

சனிக்கிழமைக்குள் நியான் மீன் வேண்டுமாம் அனெஷ்காவுக்கு.
சரி என்று சொல்லிவிட்டாய்.
யாரிடமும் எதற்கும் சரி என்பவன்தானே நீ,
தண்ணீரிடம் கேட்காமலே.

முதல் தொட்டி வாங்கிய அன்றைக்கே
பன்னிரண்டு மீனை அவிழ்த்துவிட்டோமே, ஞாபகமிருக்கிறதா?
மூன்றாம் நாள்
தம் கழிவே தமக்கு நஞ்சாகிச்
செவுள் சிவந்து, மேலே வந்து வாய் திறந்து நின்றன.
நான்காம் நாள் நீ
தேக்கரண்டியை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனாய்.
ஜனவரி.
ஒஸ்ட்ராவாவின் மண் ஒரு விரற்கடைகூட விடவில்லை.
வளைந்த கரண்டியோடு திரும்பி வந்தாய்.
அந்தக் கரண்டி இன்னும் இங்கேதான் இருக்கிறது.
வக்கீலின் பட்டியலில் அது வரவில்லை.

பட்டியலில் வராத இன்னொன்று
வடிகட்டியின் நுரைப்பஞ்சு.
பத்து வருடத்துப் பழுப்பு.
கையில் எடுத்தால் மழைக்காட்டு வாசனை,
பிழிந்தால் காப்பிக் கசடு.
கண்ணுக்குத் தெரியாதவர்கள் கோடிப் பேர் அதற்குள் குடியிருக்கிறார்கள்.
ஒரு கூட்டம் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டைக் கக்கும்,
அதையும் தின்ன அடுத்த கூட்டம் காத்திருக்கும்.
வாடகை இல்லை, சத்தம் இல்லை,
நாம் கத்திக்கொண்ட இரவுகளிலும்
வேலையை நிறுத்தவில்லை.

கத்தரிக்கோலை எடுத்தேன்.
சரிபாதி.
முழுவதும் கொடுத்தால் என் மீன்கள் சாகும்,
துளியூண்டு கொடுத்தால் உன் அவசரத்துக்குப் போதாது.
கணக்கு எனக்கு எப்போதும் வரும்.
ஆனால் இந்த உயிர்களின் கணக்கு வேறு:
ஒன்று இரண்டாகப் பிளந்தால்தான்
அவற்றுக்குக் குடும்பம் பெருகும்.
கத்தரித்துவிட்டுச் சற்று நேரம்
ஈரக் கையோடு அப்படியே நின்றேன்.

தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து
உறையில் கட்டிக் கொடுத்தேன்.
குளிர் படாமல் கோட்டுக்குள் வைத்து
எட்டாம் எண் டிராமில் கொண்டுவருகிறாள் உன் மகள்.
குழாயடியில் அலசிவிடாதே.
குளோரின் ஒரு நொடியில் ஊரையே அழித்துவிடும்.
சூட்டை இருபத்தெட்டுக்கு ஏற்று.
காற்றுக் குமிழி இரவிலும் ஓடட்டும், தூக்கம் கெட்டால் கெடட்டும்.
மீன் இல்லாத தண்ணீரில் தினம் ஒரு சிட்டிகைத் தீனி போடு.
அழுகட்டும்.
வேலை இல்லாவிட்டால் அவர்களும் பட்டினி.

சனிக்கிழமை: மீன் இல்லை.
அனெஷ்கா அழுதாளாம். நீயும் கொஞ்சம் என்று அவள் சொன்னாள்.
சோதனைக் குழாயின் படங்களாக வந்தன பிறகு.
பச்சை.
கரும்பச்சை.
"ஊதா! இது நல்லதா?" நள்ளிரவு ஒரு மணிக்கு.
நல்லதுதான், தூங்கு.
இன்னொரு கேள்விக்குறி. இன்னொரு ஊதா.
விட்டுவிட்டேன்.

பதினோராம் நாள்
ஒரு குழாய் மஞ்சள், ஒரு குழாய் வான நீலம்,
மூன்றாவதில் ஆரஞ்சு.
ஒரு மாதத்து வேலை பதினோரு நாளில்.
பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு ஆறே மீன் வாங்கு,
பன்னிரண்டு வேண்டாம் என்று எழுதினேன்.

அனுப்பிய பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கண்ணாடியின் மூலையில்
கடுகளவு நத்தை ஒன்று.
நான் அனுப்பவில்லை, நீ கேட்கவில்லை,
பஞ்சின் துளைக்குள் ஒளிந்து டிராமில் வந்திருக்கிறது.
அதற்குப் பின்னால் மங்கலாக உன் சமையலறை:
நான் பார்த்திராத ஒரு நாற்காலி,
அதன் முதுகில் அனெஷ்காவின் சிவப்புக் கையுறை.

நத்தையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய்.
இருக்கட்டும்.